மூன்றாம் கல்லாவில் சொன்னது

கல்லாவில் நிற்பவர்கள் பேசாமல் பில் போட்டு, பேசாமல் மீதியைக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிற ஆள் நான். காலை வணக்கம் சொல்லலாம். மழை வருமா என்று கேட்கலாம். ஆற்றோரத்து ஊரில் அதைக் கேட்காமல் இருந்தால்தான் தப்பு. அதற்கு மேல் என் கூடையில் என்ன இருக்கிறது என்பது என் சொந்த விஷயம். நீங்கள் சிட்னியிலிருந்து வந்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். அங்கே எல்லாரும் தாங்களே மெஷினில் பில் போட்டுக்கொண்டு போய்விடுவார்களாம். எங்கள் ஊர்க் கடையிலும் அப்படி இரண்டு மெஷின் வைத்தார்கள். யாரும் தொடவில்லை. எல்லாருக்கும் கெய்லீனின் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

கெய்லீன் வேறு ஊர்க்காரி. நாலைந்து வருடத்துக்கு முன்னால், விவாகரத்துக்குப் பிறகு, ஒரு பழைய காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்தாள். எங்கள் ஆற்று வளைவுத் தெருவின் தாழ்ந்த கோடியில் நெடுநாள் பூட்டிக் கிடந்த மரவீட்டை வாடகைக்கு எடுத்தாள். ஊரில் இருக்கும் ஒரே சூப்பர் மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்ந்து, மூன்றாம் கல்லாவைத் தன் சொந்த வீடு மாதிரி ஆக்கிக்கொண்டாள். ஐம்பது வயது. சத்தமான குரல். எல்லாரையும் கண்ணு என்பாள், எண்பது வயது ஆளையும் கண்ணு என்பாள்.

அவளுக்கு வாய் நீளம். ஒரு சாமானைக் கையில் எடுத்தால் அதைப் பற்றி ஏதாவது சொல்லாமல் பைக்குள் போடமாட்டாள். பாதர் டெஸ்மண்ட் ஒயின் வாங்கினால், "இது பூசைக்கா, பூசை முடிஞ்ச பிறகுக்கா?" என்பாள். ஃபுட்பால் கிளப் ரஸ்ஸலின் மனைவி அவனை விட்டுப் போன வாரம், அவன் எடுத்து வந்த ஆட்டிறைச்சித் துண்டைத் தூக்கிக் காட்டி, "ஒண்ணே ஒண்ணுதானா ரஸ்? அப்ப அவ திரும்பி வரல" என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர் ஒருத்தி, கர்ப்பமா என்று பார்க்கிற பெட்டியை ஷாம்புவுக்கு அடியில் மறைத்து வைத்திருந்தாள். கெய்லீன் அதை வெளியே எடுத்து, "யாருன்னு கேக்கமாட்டேன் கண்ணு, உள்ளூர்க்காரனான்னு மட்டும் சொல்லு" என்றாள். வரிசை முழுவதும் சிரித்தது. அந்த டீச்சர் அடுத்த பருவத்துக்கு ஊரில் இல்லை.

நானும் அன்று வரிசையில் நின்று சிரித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. அடுத்தவர் கூடையைப் பற்றிப் பேசும்போது எல்லாருக்கும் அது வேடிக்கைதான்.

என் கணவர் மெர்வை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். இப்போது பார்ப்பதை வைத்து எடை போடாதீர்கள். இந்த ஊர் ஃபுட்பால் கிளப்புக்கு இருபது வருடத்துக்கு மேல் தலைவராக இருந்தவர். மைதானத்தில் நீங்கள் பார்க்கும் பார்வையாளர் கொட்டகை அவர் நின்று கட்டியது. தெருவில் நடந்தால் சின்னப் பிள்ளைகள்கூட "தலைவரே" என்றுதான் கூப்பிடும். அவருடைய சட்டைக்கு நான் இஸ்திரி போடாத சனிக்கிழமை கிடையாது. அவர் அப்படி நிமிர்ந்து நடந்து போவதை வாசலில் நின்று பார்ப்பேன். நான் கல்யாணம் செய்துகொண்டது அந்த மனிதரை.

பிறகு புராஸ்டேட்டில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தப்பியது, அதில் எனக்கு நன்றி உண்டு. ஆனால் சிறுநீர் கட்டுப்படவில்லை. எழுந்தால் போகும், இருமினால் போகும், சிரித்தால் போகும். டாக்டர் ஒரு பொட்டலத்தைக் காட்டி, இதைக் கட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று சாதாரணமாகச் சொன்னார். டாக்டருக்கு என்ன, அவர் கடற்கரை நகரத்தில் இருக்கிறார். எங்கள் மைதானத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பியர் குடிக்கிற ஆட்களை அவருக்குத் தெரியாது.

ஊருக்கு முதுகுவலி என்று சொன்னேன். மெர்வ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கிளப்பிலிருந்து கூப்பிட்டால் வலி அதிகம் என்று நானே பதில் சொன்னேன். அந்தப் பொட்டலங்களை வாங்க ஒரு மணி நேரம் கார் ஓட்டிக் கடற்கரை நகரத்துக்குப் போய்வந்தேன். பொட்டலம் என்றே சொல்கிறேன், உங்களுக்குப் புரியும்.

ஒரு சமயம் பாலத்தை ரிப்பேருக்காக மூடிவிட்டார்கள். கையிருப்பு தீர்ந்துபோனது. வேறு வழியில்லாமல் உள்ளூர்க் கடையில் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தால், மூன்றாம் கல்லா மட்டும்தான் திறந்திருந்தது. கெய்லீன் பொட்டலத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடியில் இருந்து ஒரு காகிதப் பையை எடுத்துப் பொட்டலத்தை அதற்குள் நுழைத்து, மேலே ரொட்டியை வைத்து, எனக்குப் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கும்படி, "ரொட்டி ரெண்டு, மாவு ஒண்ணு, அவ்வளவுதானே கண்ணு?" என்றாள். அன்று காரில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு நன்றியாக இருந்தது.

அதிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். பொட்டலங்களைத் தனியாக எடுத்து வைத்து, "உன் மாவு வந்துருக்கு நோலா" என்பாள். சில நாள் வேலை முடிந்து போகிற வழியில் எங்கள் வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போவாள். நான் எலுமிச்சை ஜாம் செய்தால் அவளுக்கு ஒரு பாட்டில் போகும். அவளுடைய வராந்தாவில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். பெர்த்தில் இருக்கும் மகள் பேசுவதில்லை என்று அவள் சொன்னாள். இரவில் மூன்று தடவை விரிப்பை மாற்றுகிறேன் என்று நான் சொன்னேன். என் அக்காவிடம்கூடச் சொல்லாததை எல்லாம் ஒரு கல்லாக்காரியிடம் கொட்டினேன். அவளை அவ்வளவு நம்பினேன்.

போன ஆகஸ்டில், சீசனின் கடைசி மேட்ச் நடந்த சனிக்கிழமை. காலையில் மெர்வ் தானும் கடைக்கு வருகிறேன் என்றார். அபூர்வமாக இருந்தது, ஆனாலும் கூட்டிக்கொண்டு போனேன். மேட்சுக்கு முன்னால் பியரும் ஐஸும் வாங்க வந்த கிளப் ஆட்களால் கடை நிறைந்திருந்தது. மெர்வ் ரொட்டி அலமாரிப் பக்கம் நின்றார். நான் கெய்லீனின் வரிசையில் நின்றேன்.

ஏதாவது சாமானின் விலை மெஷினில் வராவிட்டால், கல்லாவில் இருப்பவர் மைக்கில் கூப்பிட்டுக் கேட்பார். அது கடை முழுவதும் கேட்கும். கெய்லீன் என் பொட்டலத்தைத் தலைக்கு மேலே தூக்கினாள். மறு கையில் மைக்கை எடுத்தாள். அவள் சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"மூணாம் கல்லாவுக்கு ஒரு விலை வேணும். பெரியவங்க கட்டுற டயப்பர், பெரிய சைஸு, நம்ம தலைவருக்கு. கிளப் ஆளுங்க எல்லாம் நல்லாக் கேட்டுக்குங்க, அவருக்கு முதுகுவலி எல்லாம் ஒண்ணுமில்ல. மத்தியானம் அவர் சீட்டைத் துடைச்சு வைங்க."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள். நான் மெர்வைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார், தோள் குலுங்கியது, முகம் சிவந்து கண்ணில் தண்ணீர். முப்பத்தெட்டு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. சாமான்களை அப்படியே விட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். ரஸ்ஸல் எங்களை நோக்கி வந்தான், நான் நிற்கவில்லை. காரில் மெர்வ், "நோல், இரு, ஒரு நிமிஷம்" என்றார். இந்தப் பேச்சை இனி நம் வீட்டில் எடுக்க வேண்டாம், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அன்று மேட்சுக்கு அவர் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றார். என் மனம் கேட்கவில்லை. கதவைப் பூட்டிச் சாவியை என் பையில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். முன்பின் தெரியாதவள் அதைச் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். கோபம் வரும், போகும். இவள் என் ரகசியத்தை ஒரு வருடம் மடியில் வைத்திருந்து, ஊரே கூடியிருந்த நாள் பார்த்துக் கொட்டினாள். என் ஜாமைத் தின்றவள். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

முறைப்படி செய்ய வேண்டியதை முதலில் செய்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடை மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, கெய்லீன் அப்படித்தான், ஜனங்கள் அவளுக்காகத்தான் கடைக்கு வருகிறார்கள், மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லமாட்டாள் என்றார். எனக்கு ஒரு பன்றித் தொடையை இலவசமாகக் கொடுத்தனுப்பினார். அதை ஆற்றில் போட்டேன்.

அடுத்த வாரங்களில் கிளப் ஆட்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்தார்கள். ரஸ்ஸல் பியரோடு வந்தான். இன்னும் இரண்டு பேர், தங்களுக்கும் இதே ஆபரேஷன் ஆகியிருக்கிறது, தலைவரோடு கொஞ்சம் பேச வேண்டும் என்று வந்தார்கள். வேடிக்கை பார்க்க எவ்வளவு தூரம் போகிறார்கள் பாருங்கள். தூங்குகிறார் என்று சொல்லி வாசலோடு அனுப்பினேன். மெர்வ் ஜன்னலில் நின்று அவர்கள் காரில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெட்கத்தில் மனிதர் சுருங்கிப்போனார். சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. அவள்தான் இதைச் செய்தாள் என்று தினமும் நினைத்துக்கொள்வேன்.

கெய்லீனும் வந்தாள். கையில் என்னமோ கேக். "நோலா, நான் சொன்னது உன்னை இப்படிக் குத்தும்னு தெரியாது" என்றாள். நான் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. "ஒரே ஒரு தடவை மெர்வைக் கேளு. அவர் வாயால கேட்டுக்கோ" என்றாள். மன்னிப்புக் கேட்க வந்தவள்கூட என் புருஷனிடம் அனுமதி வாங்கச் சொல்கிறாள். மரக்கதவையும் சாத்தினேன். அதற்குப் பிறகு வெளியூருக்குப் போய்த்தான் எல்லாம் வாங்கினேன். தெருவில் அவள் கார் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்தேன்.

இனி வெள்ளத்தைப் பற்றி. உங்களுக்கு எங்கள் தெருவின் வழக்கம் தெரியாது என்பதால் சொல்கிறேன்.

ஆற்று வளைவில் தண்ணீர் முன்பக்கமாக வராது. ஆறு நிரம்பினால், வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற ஓடை அதில் கலக்க முடியாமல் எதிர்த்து ஏறும். வீட்டு வாசலில் நின்று பார்த்தால் ரோடு காய்ந்திருக்கும், ஆனால் பின்னால் தோட்டத்து வழியாகத் தண்ணீர் ஏறி மேட்டுக்குப் போகிற பாதையை முதலில் மூடிவிடும். அதனால் ரேடியோவில் சொல்கிற நேரத்தை வளைவுக்காரர்கள் நம்பக் கூடாது. நாளைக்கு என்றால் இன்றைக்கே கிளம்ப வேண்டும். தெருவுக்கு ஒருவர் பொறுப்பு. அவர் வீடு வீடாகப் போய்ச் சொல்வார். வீட்டுக்காரர்கள் கிளம்பும்போது வராந்தாத் தூணின் உச்சியில், கூரையை ஒட்டி, ஒரு துண்டைக் கட்டிவிட்டுப் போவார்கள். துண்டு இருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். படகில் வருகிற தொண்டர்கள் துண்டு இல்லாத வீடுகளில் மட்டும் நின்று கூப்பிடுவார்கள். யாராவது கட்ட மறந்துபோனால் பொறுப்பாளர் கட்டுவார். எங்கள் தெருவுக்குப் பதினெட்டு வருடமாகப் பொறுப்பாளர் நான்தான். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

மார்ச்சில் அந்த மழை ஒரு வாரமாகப் பெய்தது. வெள்ளம் வந்த அன்று காலை ரொட்டியும் பேட்டரியும் வாங்க உள்ளூர்க் கடைக்கே போக வேண்டியதாயிற்று. மூன்றாம் கல்லாவில் டீகன் என்ற சின்னப் பெண் இருந்தாள். கெய்லீனுக்குக் கடுமையான காய்ச்சல், மாத்திரையைப் போட்டுக்கொண்டு சுருண்டு படுத்திருக்கிறாள், ரேடியோவில் வெள்ளம் நாளை மதியம்தான் என்கிறார்களே, மாலையில் வேலை முடிந்து தான் போய்க் கூட்டிவருகிறேன் என்று நான் கேட்காமலே சொன்னாள். நாளை மதியம் இல்லை, இன்று மதியம் என்று எனக்குத் தெரியும். ஓடையை நான் காலையிலேயே பார்த்திருந்தேன்.

முதலில் மெர்வை, வெள்ளத்துக்கு எல்லாரும் ஒதுங்குகிற, மேட்டில் இருக்கும் கண்காட்சித் திடல் கொட்டகையில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். திரும்பி வந்து எங்கள் வீட்டுத் தூணில் துண்டு கட்டினேன். எதிர்வீட்டு இத்தாலியத் தம்பதிக்குச் சொன்னேன், அவர்கள் நாயோடு கிளம்பினார்கள். டாரலின் அம்மாவை நாற்காலியோடு தூக்கி வண்டியில் ஏற்ற நானும் ஒரு கை பிடித்தேன். டாரல் படகுக்காரர்களில் ஒருவன். அவன் அங்கிருந்து நேரே படகுக்குப் போய்விட்டான். பிறகு தெருவில் ஒரு வீடுதான் மிச்சம்.

அங்கே போனேன். முதல் நாள் உங்களிடம், போய்க் கதவைத் தட்டினேன், பதில் இல்லை என்று சொன்னேன். அதில் திருத்தம் செய்ய வேண்டும். கேட்டின் கம்பியைத் தட்டினேன். கைவிரலால். மழைச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

படி ஏறி வராந்தாவுக்குப் போனேன். கதவுக்குப் பக்கத்தில் அவள் செருப்பு இருந்தது. ஜன்னல் திரை ஒரு பக்கமாக விலகியிருந்தது. கட்டிலில் போர்வைக்குள் படுத்திருந்தாள், தலை மட்டும் தெரிந்தது. வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். கூப்பிட்டிருந்தால் எழுந்திருப்பாள், அவ்வளவு பக்கம். நான் சற்று நேரம் நின்றேன். மைக்கில் அவள் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் டீ குடிக்க உட்காருகிற நாற்காலி அங்கேயே இருந்தது. அதைத் தூணோரமாகப் போட்டு, ஏறி நின்று, என் பையில் இருந்த துண்டை எடுத்து உச்சியில் கட்டினேன். நனைந்தாலும் அவிழாத முடிச்சு. நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்தேன். இழுத்தால் சத்தம் வரும் என்பதால் தூக்கி வைத்தேன்.

நான் யாரையும் தள்ளவில்லை, பூட்டவில்லை. மேலே போகும்போது ஓடைத் தண்ணீர் என் காரின் சக்கரத்தைத் தொட்டது. அரைமணியில் பாதை மூடியிருக்கும். மின்சாரமும் செல்போன் கோபுரமும் அதற்கு முன்பே போய்விட்டன. டீகனை யாரும் கீழே விடவில்லை. கெய்லீன் அங்கே இருக்கிறாள் என்று அவள் அழுதபோது, பொறுப்பாளரைக் கேள் என்று என்னிடம் அனுப்பினார்கள். அவள் வீட்டில் துண்டு கட்டியிருக்கிறது, ஏதாவது உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று சொன்னேன். டீகன் என்னைக் கட்டிக்கொண்டாள்.

மெர்வும் கேட்டார். கொட்டகையில் ஆட்களைப் பார்த்துக்கொண்டே, "கெய்லீனைக் காணோமே. வந்துட்டாளா?" என்றார். துண்டு கட்டியிருக்கிறது என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவருக்கு டீயும் பிஸ்கட்டும் எடுத்து வந்தேன், குடித்தார்.

டாரல் அந்தப் பக்கமாக இரண்டு தடவை படகில் போனான். அப்போது தண்ணீர் ஜன்னலைத் தாண்டியிருந்தது. கூரைத் தகரத்தில் எதுவோ இடித்ததைக் கேட்டானாம். ஏதாவது பீப்பாய் மிதந்து வந்து முட்டுகிறது என்று கூட இருந்தவன் சொன்னானாம். துண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அவன் இப்போது சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவனிடம் சொல்லுங்கள், அவன் வழக்கப்படிதான் செய்தான், தப்பு அவன் பேரில் இல்லை. அவன் நல்ல பிள்ளை.

அவளைப் பரணில் கண்டெடுத்தார்கள். வளைவில் பழகினவர்கள் பரணில் ஒரு கோடரி வைத்திருப்பார்கள், கூரையை உடைத்து வெளியே வர. அவள் வெளியூர்க்காரி. நாங்கள் சிநேகிதிகளாக இருந்தபோது அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், மறந்துபோனது. இதை நான் உண்மையாகவே மறந்துதான் போனேன்.

தண்ணீர் வடிந்து எங்களைத் தெருவுக்குள் விட்ட அன்று, மெர்வ் வீட்டுக்குள் போகவில்லை. சேற்றில் நடந்து நேரே கீழ்க்கோடிக்குப் போனார். எவ்வளவு நேரமாகியும் வரவில்லை என்று நானும் போனேன். அவள் வீட்டு வாசலில் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். துண்டு இன்னும் தொங்கியது. நீலக்கோடு போட்ட துண்டு, எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு அவருடைய அக்கா கொடுத்த ஜோடியில் ஒன்று. கையில் கிடைத்ததை எடுத்துப் பையில் போட்டிருந்தேன், அவ்வளவுதான்.

"நோல், இது நம்ம துண்டு" என்றார்.

ஆமாம் என்றேன். அவரிடம் நான் பொய் சொல்வதில்லை. அவள் உங்களைத் தலைகுனிய வைத்தாள், அதை என்னால் பொறுக்க முடியவில்லை, உங்களுக்காகத்தான் என்றேன்.

அவர் அங்கேயே படியில் உட்கார்ந்தார். சேறு என்றும் பார்க்கவில்லை.

"அவளா சொல்லல. நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றார். "நீ வெளியே போயிருந்த அன்னிக்கு அந்தப் பொட்டலத்தைக் குடுக்க வந்தா. ஒரு வருஷமா இந்த வீட்டுல அடைஞ்சு கிடக்குறேன், எனக்கு மேட்ச் பாக்கணும், பயலுங்களோட உக்காரணும்னு அவகிட்ட சொன்னேன். எனக்குச் சொல்ல வாய் வரல. உனக்குத்தான் வாய் நீளமாச்சே, ஊர்க் கூட்டத்துல ஒரு தடவை போட்டு உடைச்சிடு, சிரிச்சு முடிச்சுடுவானுங்க, அப்புறம் நான் நிம்மதியா வெளிய வரலாம்னேன். மாட்டேன்னா. நோலா தாங்கமாட்டா தலைவரேன்னா. நான்தான் கெஞ்சினேன்."

நீங்கள் அன்று கடையில் அழுதீர்களே என்றேன்.

"சிரிச்சேன்டி" என்றார். "எத்தனை மாசம் கழிச்சு சிரிச்சேன். ஒண்ணுக்குப் போயிடுச்சு, அதையும் தாண்டிச் சிரிச்சேன். அதுக்குள்ள நீ கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்ட."

ஏன் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே.

"நீ பேச விட்டியா?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். உங்களைப் போனில் கூப்பிட்டது அவர்தான் என்று தெரியும். வாக்குமூலம் கொடுக்க அவரை ரஸ்ஸல்தான் காரில் இங்கே கூட்டிக்கொண்டு வந்தானாம். இப்போது சனிக்கிழமைகளில் மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறாராம், எல்லாருக்கும் நடுவில். சட்டையை யார் இஸ்திரி போடுகிறார்கள் என்று தெரியவில்லை.

இங்கே உட்கார்ந்து நிறைய யோசித்துவிட்டேன், இன்ஸ்பெக்டர். கெய்லீன் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவள் ஒருவர் கேட்டதற்காகச் செய்தாள், அதுவும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டுச் செய்தாள். அவள் எனக்குத் துரோகம் செய்யவில்லை. செய்தது என் வீட்டிலேயே இருந்தது. நான் இல்லாத நேரத்தில், என் வராந்தாவில் உட்கார்ந்து, என்னை ஊர் முன்னால் அவமானப்படுத்தச் சொல்லிக் கெஞ்சியவர், இரவில் மூன்று தடவை நான் விரிப்பு மாற்றிய ஆள். அவர் மட்டும் ஆகஸ்டிலேயே வாயைத் திறந்திருந்தால் கெய்லீன் இன்றைக்கும் மூன்றாம் கல்லாவில் நின்று கண்ணு, கண்ணு என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். அன்றைக்கு அவளை எழுப்பி மேட்டுக்குக் கூட்டிப் போயிருப்பேன். எங்கள் வீட்டுத் தூணிலும் வழக்கம்போலத் துண்டு கட்டியிருப்பேன், மெர்வை மட்டும் கட்டிலிலேயே தூங்கவிட்டு.